பேரிடர் ஆராய்ச்சி, முன்தயாரிப்புன்னு பொதுப்பணத்தைச் செலவு பண்றது சரியா?

வரிக்கணக்கு:
ரொம்ப நாளா மனசுல ஓடிட்டிருக்கற விஷயம், இங்க இந்தத் துறை தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்கீங்க, அதனால நேராவே கேட்டுடறேன். புயலோ நிலநடுக்கமோ வந்தப்புறம் அரசாங்கம் காசு செலவு பண்றதுல எனக்கு எந்த மறுப்பும் இல்ல, வீடு போனவங்களுக்குக் கூரையும் சோறும் குடுக்கறது அரசோட கடமை. ஆனா எப்ப வரும்னு யாருக்குமே தெரியாத பேரிடருக்கு வருஷா வருஷம் ஆராய்ச்சின்னும் முன்தயாரிப்புன்னும் கோடிக்கணக்குல ஒதுக்கறாங்களே, அதுக்கு என்ன பலன் கிடைச்சுதுன்னு கேட்டா மட்டும் பதில் வரமாட்டேங்குது.

கலிஃபோர்னியாவுல பார்க்ஃபீல்டுன்னு ஒரு சின்ன ஊர். அங்க இருபது இருபத்தஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை 6 அளவுல நிலநடுக்கம் வந்துட்டிருந்துது, அதனால அடுத்தது 1993க்குள்ள வந்துடும், 95 சதவீதம் வாய்ப்பு இருக்குன்னு அமெரிக்க புவியியல் ஆய்வு அமைப்பு சொல்லி ஊரைச் சுத்திக் கருவியா நட்டு வச்சாங்க. வந்தது 2004 செப்டம்பர்ல. ஜப்பான் கதை இதைவிடப் பெருசு. டோக்காய் பகுதியில பெரிய நிலநடுக்கம் வரப்போகுது, அதை முன்னாடியே கண்டுபிடிச்சு ஜனங்களை எச்சரிக்க முடியும்னு நம்பி 1978ல தனிச் சட்டமே போட்டாங்க. டோக்காய்ல இன்னி வரைக்கும் வரல. அதுக்கு நடுவுல 1995ல கோபேல வந்து 6,434 பேர் செத்துப்போனாங்க, 2011ல வடகிழக்குக் கரையில வந்துச்சு. கடைசில 2017ல அவங்களே துல்லியமா முன்கூட்டிச் சொல்ல முடியாதுன்னு நடைமுறைய மாத்திக்கிட்டாங்க. கிட்டத்தட்ட 40 வருஷம். அந்தப் பணத்துல எத்தனை பழைய வீட்டை பலப்படுத்தியிருக்கலாம்?

நிவாரணத்துக்கு பணம் வைங்க. மத்ததை இன்சூரன்ஸ் கம்பெனிகளும் தனியாரும் பாத்துக்கட்டும். என் கருத்து இதான்.

மழைமானி:
வரிக்கணக்கு சார், நீங்க எடுத்த ரெண்டு உதாரணமும் நிலநடுக்கத்தை தேதி போட்டு சொல்ற முயற்சி. அது தோத்துப்போச்சு, உண்மைதான். ஆனா பேரிடர் ஆராய்ச்சின்னா அது மட்டும்தானா? புயலை எடுத்துக்கோங்க. 1970 நவம்பர்ல போலா புயல், இன்னிக்கு பங்களாதேஷ்னு சொல்ற கரையில, குறைஞ்சது 3 லட்சம் பேர் செத்தாங்க. 1991ல மறுபடி ஒரு பெரிய புயல், 1 லட்சத்து 38 ஆயிரம் பேர். 2007ல சிட்ர், அதுவும் கடுமையான புயல்தான், செத்தவங்க 3,400 பேர் வாக்குல. 2020ல ஆம்பன் வந்தப்போ பங்களாதேஷ்ல சாவு சில பத்துகள்லயே நின்னுடுச்சு. கடல் சாந்தமாகிடல, ஜனத்தொகையும் குறையல. நடுவுல நடந்தது என்னன்னா புயல் முன்தயாரிப்புத் திட்டம்னு ஒண்ணை எழுபதுகள் தொடக்கத்துல ஆரம்பிச்சு, மெகாஃபோனும் கொடியும் எடுத்துக்கிட்டு வீடு வீடா போய் சொல்ற தொண்டர்களை பழக்கி (இன்னிக்கு 70 ஆயிரத்துக்கும் மேல இருக்காங்க), சாதாரண நாள்ல பள்ளிக்கூடமா நடக்கற புயல் காப்பகங்களைக் கட்டினாங்க. எல்லாம் பொதுப்பணம், நன்கொடை, வெளிநாட்டு உதவி. எந்த இன்சூரன்ஸ் கம்பெனி அந்த மீனவக் குடிசைக்கு மெகாஃபோன் எடுத்துட்டு வந்திருக்கும்?

புயல் எங்க கரையேறும்னு கணிக்கறதுலயும் இப்படித்தான். அமெரிக்க தேசிய சூறாவளி மையத்தோட கணக்குப்படி 1990 வாக்குல மூணு நாள் முன்னாடி சொல்ற இடம் சராசரியா 300 கடல் மைல் தள்ளி இருக்கும். இப்ப 100க்கும் கீழ. 300 மைல் தப்பா இருந்தா ஒரு கடற்கரை முழுசையும் காலி பண்ணணும், ஜனங்க ரெண்டு தடவை போவாங்க, மூணாவது தடவை போகமாட்டாங்க. 100 மைலா குறைஞ்சதாலதான் யாரை நகத்தணும்னு தெரியுது.

வரிக்கணக்கு:
மெகாஃபோனும் காப்பகமும் சரி. அதுல ஆராய்ச்சி எங்க இருக்கு? நீங்களே பாருங்க, 2008ல நர்கிஸ் புயல், மியான்மர். புயல் வருதுன்னு இந்திய வானிலைத் துறை ரெண்டு நாள் முன்னாடியே அந்த அரசாங்கத்துக்கு சொல்லிடுச்சு. இருந்தும் 1 லட்சத்து 38 ஆயிரம் பேர் போயிட்டாங்க. கணிப்பு கையில இருந்துது, டெல்டா கிராமத்துக்குப் போய்ச் சேரல. அப்ப இன்னும் நல்ல கணிப்புக்கு இன்னொரு சாட்டிலைட், இன்னொரு சூப்பர் கம்ப்யூட்டர்னு கேக்கறது எதுக்கு?

பழையகோப்பு:
நர்கிஸுக்கு முன்னாடியே இதே கதை ஒண்ணு இருக்கு, ஆனா அது முடிஞ்ச விதம் வேற, அதனால அதையும் சொல்லிடறேன். கொலம்பியாவுல நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை. 1984 கடைசியிலேயே அறிகுறி ஆரம்பிச்சுடுச்சு. 1985 அக்டோபர்ல அபாய வரைபடம் தயார், அர்மேரோ ஊருக்குச் சேறு வரும்னு அதுல தெளிவா இருந்துது. வீணா பயமுறுத்தறாங்கன்னு அதை விமர்சனம் பண்ணினவங்க நிறைய பேர். நவம்பர் 13 ராத்திரி 9 மணி சுமாருக்கு வெடிச்சுது, பெரிய வெடிப்புகூட இல்ல, உச்சில இருந்த பனி உருகி சேறா இறங்கி ஊருக்கு வர ரெண்டரை மணி நேரம் ஆச்சு. ரெண்டரை மணி நேரம்! பக்கத்துலயே மேடான இடம் இருந்துது. 23,000 பேர் செத்தாங்க.

அதுக்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். அடுத்த வருஷமே, 1986ல, அமெரிக்க புவியியல் ஆய்வு அமைப்பும் அவங்க வெளிநாட்டு உதவி அமைப்பும் சேந்து எரிமலைக்குன்னே ஒரு சின்ன குழு வச்சாங்க, எந்த நாடு கூப்பிட்டாலும் கருவியை மூட்டை கட்டி எடுத்துட்டுப் போற குழு. 1991ல ஃபிலிப்பைன்ஸ்ல பினாடுபோ 500 வருஷம் தூங்கினப்புறம் ஏப்ரல்ல புகைய ஆரம்பிச்சுது. அந்தக் குழு போய், உள்ளூர் விஞ்ஞானிகளோட உக்காந்து, அளந்து, வரைபடம் போட்டு, கூடவே அர்மேரோ மாதிரி இடங்கள்ல என்ன நடந்துதுன்னு வீடியோ போட்டுக் காட்டி அதிகாரிகளை நம்ப வச்சாங்க. ஜூன் 10ந்தேதி கிளார்க் விமானப்படைத் தளத்துல இருந்து 14,000 பேருக்கு மேல வெளியேத்தினாங்க. ஜூன் 15 மலை வெடிச்சுது, அந்த நூற்றாண்டோட மிகப்பெரிய வெடிப்புகள்ல ஒண்ணு. 800 பேருக்கு மேல செத்தாங்கதான், பெரும்பாலும் மழைல நனைஞ்ச சாம்பல் பாரத்துல கூரை இடிஞ்சு. ஆனா முன்கணிப்பு குறைஞ்சது 5,000 உயிரையும் 25 கோடி டாலர் சொத்தையும் காப்பாத்துச்சுன்னு பின்னால கணக்குப் போட்டிருக்காங்க.

ஆக, நர்கிஸ்ல கணிப்பு இருந்தும் சேரலன்னா அதுக்கு பதில் கணிப்பை நிறுத்தறது இல்ல சார், சேக்கறது எப்படின்னு ஆராயறது. பினாடுபோல அதைத்தான் செஞ்சாங்க.

செங்கல்:
நான் கட்டுமானத் துறைல இருக்கறவன், ரெண்டு தரப்பும் பேசாத ஒண்ணைச் சொல்றேன். நிலநடுக்கத்துல ஆளைக் கொல்றது நிலம் இல்ல, கட்டடம். 2010 ஜனவரில ஹைட்டி, 7.0 அளவு, செத்தவங்க எண்ணிக்கை ஒரு லட்சத்துல இருந்து மூணு லட்சம் வரைக்கும் சொல்றாங்க. ஒரு மாசம் கழிச்சு சிலில 8.8 அளவு, வெளியான சக்தில கணக்குப் போட்டா 500 மடங்கு, செத்தவங்க சுமார் 525. ஏன்? சிலில கட்டட விதி கடுமை, அதோட கட்டி வித்தவர்தான் பத்து வருஷத்துக்கு அமைப்புக் கோளாறுக்குப் பொறுப்புன்னு சட்டம் இருக்கு. விதியை மீறினா தன் கைல இருந்து போகும்னு பில்டருக்குத் தெரியும்.

ஆனா அந்த விதில இருக்கற ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்துது? எத்தனை கம்பி, எவ்வளவு இடைவெளில வளையம், மண்ணு இளகினா அஸ்திவாரம் எப்படி போடணும், இதெல்லாம் ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் அப்புறம் பொதுப்பணத்துல ஓடற பல்கலைக்கழக லேப்கள்ல உடைச்சுப் பாத்துப் பாத்து எழுதினது. விதிக்கு காப்புரிமை வாங்கி விக்க முடியாது, அதனால லாபத்துக்கு நடத்தறவங்க அதை எழுதவும் மாட்டாங்க. இந்த ஆராய்ச்சிக்கு காசு போடலன்னா நாளைக்கு நாங்க எதை வச்சுக் கட்டறது?

அதே நேரம் காசு மட்டும் பத்தாது. துருக்கில 1999ல இஸ்மித் நிலநடுக்கம், 17,000 பேருக்கு மேல சாவு. உடனே தற்காலிகம்னு சொல்லி தகவல்தொடர்பு மேல ஒரு வரி போட்டாங்க, ஜனங்க அதை நிலநடுக்க வரின்னே கூப்பிடறாங்க, அப்புறம் அது நிரந்தரமாச்சு. அந்தக் காசு ரோட்டுக்கும் மத்த செலவுக்கும் போச்சுன்னு 2011ல நிதியமைச்சரே சொன்னாரு. விதியும் புதுசு புதுசா நல்லாத்தான் எழுதினாங்க. 2018ல விதியை மீறின கட்டடங்களுக்கு அபராதம் வாங்கிக்கிட்டு மன்னிப்பு குடுத்தாங்க. 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்துல துருக்கில மட்டும் 53,000 பேருக்கு மேல செத்தாங்க. இதை எழுதும்போதே கை நடுங்குது, ஏன்னா அந்தக் கட்டடங்கள்ல நிறைய எப்படி விழுந்துதுன்னு ஃபோட்டோ பாத்தாலே எங்களுக்கு தெரியும், மாடி மாடியா அப்படியே உக்காந்திருக்கும். தூணும் உத்தரமும் சேர்ற இடத்துல கம்பி கட்டல. அது தெரியாம நடந்த தப்பு இல்ல.

தனிவழி:
செங்கல் அண்ணே சொன்னதே என் கட்சிக்குத்தான் சாட்சி. வரி வாங்கினாங்க, வேற எதுக்கோ செலவு பண்ணிட்டாங்க. சிலில வேலை செஞ்சது பில்டர் தலைல போட்ட பொறுப்பு, பட்ஜெட் ஒதுக்கீடு இல்ல. அரசாங்கம் பணம் போடும்போது ஆபத்தோட விலை ஜனங்களுக்குத் தெரியாமப் போயிடுது. அமெரிக்காவுல 1968ல வெள்ளக் காப்பீட்டுத் திட்டம்னு அரசே ஆரம்பிச்சுது, ஆத்தங்கரையிலும் கடலோரத்துலயும் அசலுக்கும் குறைஞ்ச பிரீமியத்துல காப்பீடு. அதே வீடு முழுகுது, காசு குடுக்கறாங்க, அதே இடத்துல கட்டறாங்க, மறுபடி முழுகுது. நூத்துக்கு ஒண்ணு மாதிரி இருக்கற அந்த வீடுகள்தான் மொத்த இழப்பீட்டுல கால்வாசிக்கு மேல வாங்கியிருக்கு. 2017ல 1,600 கோடி டாலர் கடனை ரத்து பண்ணினாங்க. அது யார் காசு? மேட்டு நிலத்துல பாத்து வீடு கட்டினவன் காசு.

எச்சரிக்கை வேணும்னா தனியார் செய்யறாங்களே. கூகுள் 2020ல இருந்து ஆண்ட்ராய்டு ஃபோன்களையே நிலநடுக்கமானியா வச்சு எச்சரிக்கை அனுப்புது, இலவசமா. எந்த அரசாங்கத்தாலயும் அத்தனை கோடி சென்சாரை நட முடியாது.

மழைமானி:
தனிவழி ப்ரோ, அந்த கூகுள் உதாரணத்தை முழுசா சொல்லணும். 2023 பிப்ரவரி 6 துருக்கில முதல் நிலநடுக்கம் 7.8. கூகுளோட உச்ச எச்சரிக்கை, அதாவது ஃபோன் சைலண்ட்ல இருந்தாலும் அலறி தூங்கறவங்களை எழுப்பற எச்சரிக்கை, எத்தனை பேருக்குப் போச்சு தெரியுமா? 469. ஒரு கோடிப் பேருக்குப் போயிருக்க வேண்டியது. அந்த நிலநடுக்கத்தை 4.5ல இருந்து 4.9ன்னு குறைச்சு மதிப்பிட்டுடுச்சு அவங்க கணினி. ராத்திரி நாலு மணி, எல்லாரும் தூக்கத்துல. இதைக் கூகுளே ஒத்துக்கிட்டது 2025ல. ரெண்டு வருஷத்துக்கு மேல. பொதுப்பணத்துல ஓடற அமைப்பா இருந்தா பார்லிமென்ட்ல நிறுத்தி கேள்வி கேக்கலாம், கோப்பைக் காட்டுன்னு சொல்லலாம். இங்க யார் யாரைக் கேக்கறது? அவங்க கெட்டவங்கன்னு நான் சொல்லல, முயற்சி நல்ல முயற்சிதான், ஆனா அதை நம்பி அரசு கை கழுவ முடியாதுன்னுதான் சொல்றேன். கலிஃபோர்னியாவுல அதே கூகுள் எச்சரிக்கை அனுப்பறது ஷேக்அலர்ட்ன்னு அரசாங்கப் பணத்துல நட்ட கருவிகளோட டேட்டாவ வச்சுத்தான்.

வானிலை ஆப் எல்லாமும் அப்படித்தான். அரசாங்க சாட்டிலைட், அரசாங்க ரேடார், அரசாங்க மாடல், மேல அழகா ஒரு திரை. 2005ல ரிக் சான்டோரம்னு ஒரு அமெரிக்க செனட்டர், தனியார் குடுக்கற சேவையோட அரசு வானிலைத் துறை போட்டி போடக்கூடாதுன்னு மசோதா கொண்டுவந்தாரு, நல்லவேளை நிறைவேறல. இன்சூரன்ஸ் கம்பெனிங்க பாத்துக்கும்னு வரிக்கணக்கு சார் சொன்னாரு. 1992ல ஆண்ட்ரூ சூறாவளி வந்தப்போ ஃப்ளோரிடாவுல பதினோரு கம்பெனி திவாலாச்சு, ஆபத்தோட அளவே அவங்களுக்குத் தெரியல. அதுக்கப்புறம்தான் அவங்க கணினி மாடலை பெருசா நம்ப ஆரம்பிச்சாங்க, அந்த மாடலுக்கு உள்ள போற பழைய புயல் பதிவேடு, நிலநடுக்க அபாய வரைபடம் எல்லாம் பொது நிறுவனங்கள் பல பத்து வருஷமா சேத்து வச்சது.

தனிவழி:
டேட்டா பொதுவா இருக்கட்டும், அதுல எனக்கு சண்டை இல்ல, ஒரு புயல் ரேடாரை ஆளுக்கொண்ணா வாங்க முடியாது. ஆனா அதுல ஆரம்பிச்சு அணை, சுவர், மானியக் காப்பீடுன்னு போய் நிக்கறீங்க எல்லாரும். வெள்ளக் காப்பீடு பத்தி நான் கேட்டதுக்கு பதில் வரல.

கரையோரம்:
அந்தக் காப்பீட்டுத் திட்டத்தை முன்தயாரிப்புன்னு நான் சொல்லமாட்டேன் தம்பி, அது நிவாரணத்தை முன்னாடியே வாக்கு குடுக்கறது. அசல் ஆபத்துக்கு ஏத்த பிரீமியம் வாங்கியிருந்தா அங்க அத்தனை வீடு வந்திருக்காது. ஆபத்து எவ்வளவுன்னு சொல்ற வெள்ள வரைபடம்தான் முன்தயாரிப்பு, அதைப் புதுப்பிக்கத்தான் போதுமான காசு ஒதுக்கறதில்ல.

என் கோபம் வேற இடத்துல. வரிக்கணக்கு சார் முதல் பதிவுல நிவாரணத்துக்குக் குடுங்க, மத்ததை விடுங்கன்னு சொன்னாரே, உலகம் ஏற்கெனவே அப்படித்தான் நடக்குது! 2010ல இருந்து 2019 வரைக்கும் வளரும் நாடுகளுக்குப் போன வளர்ச்சி உதவில 100 டாலருக்கு அரை டாலர்தான் பேரிடர் வராம தடுக்கறதுக்கும் தயாராகறதுக்கும் போச்சு. வந்தப்புறம் குடுக்கறது அதைவிடப் பல மடங்கு. ஏன்னா வந்தப்புறம் குடுத்தா கேமரா முன்னாடி குடுக்கலாம். ஹீலி, மல்ஹோத்ரான்னு ரெண்டு அரசியல் ஆய்வாளர்கள் 2009ல அமெரிக்கத் தேர்தல் முடிவுகளை வச்சு இதைப் பாத்திருக்காங்க: நிவாரணம் குடுத்த கட்சிக்கு ஓட்டு கூடுது, முன்தயாரிப்புக்கு செலவு பண்ணினதுக்கு ஒண்ணும் கூடல. அவங்க கணக்குல முன்தயாரிப்புக்கு போட்ட ஒரு டாலர் பின்னால வர்ற சேதத்துல 15 டாலரை மிச்சம் பண்ணுது. அப்படி இருந்தும் நாம ஓட்டு போடறது இப்படித்தான். நாமதான் இதை மாத்தணும், அதுக்குத்தான் இந்த மாதிரி பேச்சே வேணும்.

கனடாவுல வின்னிபெக். 1950ல ஆறு உடைஞ்சு நகரம் முழுகுச்சு. டஃப் ராப்ளின்னு ஒரு அரசியல்வாதி நகரத்தைச் சுத்தி 47 கிலோமீட்டருக்கு வெள்ளக் கால்வாய் வெட்டணும்னு நின்னாரு. டஃபோட பள்ளம்னு கேலி பண்ணினாங்க. 1962ல ஆரம்பிச்சு 1968ல முடிச்சாங்க, 6 கோடியே 30 லட்சம் கனடா டாலர். அதுக்கப்புறம் அது தடுத்த சேதம் 4,000 கோடி டாலருக்கு மேலன்னு மாகாண அரசு சொல்லுது. 1997ல 1950ஐ விடப் பெரிய வெள்ளம் வந்துது, நகரம் தப்பிச்சுது.

வரிக்கணக்கு:
15 டாலர், இன்னொரு இடத்துல 6 டாலர், வேற ஒரு இடத்துல 11 டாலர், இப்படி வேற வேற எண் சொல்றாங்க. அமெரிக்க தேசிய கட்டட அறிவியல் நிறுவனம் சொன்ன 6 டாலர் கணக்கை நானும் படிச்சேன். எல்லாமே சராசரி. வின்னிபெக்கை மட்டும் எடுத்தா பிரமாதம். தோத்துப்போன திட்டத்தை யாரும் புத்தகத்துல எழுதி வைக்கறதில்ல. கமாய்ஷியைப் பேசுங்களேன். ஜப்பான்ல கமாய்ஷி துறைமுக வாசல்ல உலகத்துலயே ஆழமான அலைத்தடுப்புச் சுவர், 63 மீட்டர் ஆழத்துல இருந்து எழுப்பினது, முப்பது வருஷ வேலை, 12,000 கோடி யென்னுக்கு மேல. 2009ல முடிஞ்சுது. 2011 மார்ச் 11 சுனாமி அதை உடைச்சுட்டு உள்ள வந்துது. ஊர்ல செத்தவங்களும் காணாம போனவங்களும் ஆயிரம் பேருக்கு மேல. இது உங்க சராசரிக்குள்ள எங்க வருது? அந்தச் சுவர் இருக்குங்கற தைரியத்துல ஓடாம நின்னவங்களும் அதுல இருந்தாங்கன்னு அங்கயே பேசிக்கறாங்க.

பழையகோப்பு:
கமாய்ஷியை நீங்க எடுத்தது நல்லதா போச்சு, அதே ஊர்ல இன்னொரு பொதுப்பணச் செலவும் நடந்துது, அதையும் சேத்து வைக்கணும். 2000க்கு அப்புறம் சில வருஷத்துல தோஷிடகா கட்டடான்னு ஒரு பேராசிரியர் அந்த ஊர்ப் பள்ளிகளோட வேலை செய்ய ஆரம்பிச்சாரு. அவர் சொல்லிக்குடுத்தது மூணே விஷயம். அரசு போட்ட அபாய வரைபடத்தை நம்பி நிக்காத, அது ஒரு கணிப்பு மட்டும்தான். அந்த நேரத்துல உன்னால முடிஞ்ச அத்தனையும் செய். மத்தவங்க ஓடறாங்களான்னு பாக்காத, முதல்ல ஓடறவன் நீயா இரு. கணக்குப் பாடத்துல சுனாமி வேகத்தை போட வச்சாங்க, வீட்டுல இருந்து பள்ளிக்கு வர்ற வழியில எங்க ஏறலாம்னு பசங்களையே வரைபடம் போடச் சொன்னாங்க.

மார்ச் 11 அன்னிக்கு ஊனோசுமாய் பகுதில நடுநிலைப் பள்ளிப் பசங்க அறிவிப்புக்கு காத்திருக்காம ஓட ஆரம்பிச்சாங்க. பக்கத்துல தொடக்கப்பள்ளில சின்னக் குழந்தைங்களை மூணாவது மாடிக்கு ஏத்திட்டிருந்தாங்க, பெரிய பசங்க ஓடறதைப் பாத்து அவங்களும் எறங்கி கூடவே ஓடினாங்க. குறிச்சு வச்சிருந்த கூடுமிடத்துக்கு போனாங்க, அங்க பின்னாடி சரிவு இடிஞ்சிட்டிருந்துது, இது பத்தாதுன்னு இன்னும் மேல, அப்புறம் அதுக்கும் மேல. ரெண்டு பள்ளியும் முழுகிடுச்சு. அன்னிக்குப் பள்ளில இருந்த பசங்க எல்லாரும் தப்பிச்சாங்க. ஊர் முழுக்க சேத்துப் பாத்தாலும் சுமார் 3,000 தொடக்க, நடுநிலைப் பள்ளிப் பசங்க கிட்டத்தட்ட எல்லாருமே பொழச்சுக்கிட்டாங்க, இழந்தது பள்ளிக்கு வராம இருந்தவங்க, முன்னாடியே கிளம்பிப் போனவங்க சிலரை.

இதை நினைச்சா இப்பவும் எனக்கு தொண்டை அடைக்குது. 12,000 கோடி யென் சுவருக்குப் பக்கத்துல ஒரு பேராசிரியர் சம்பளமும் கொஞ்சம் அச்சடிச்ச பாடமும். அதுவும் ஆராய்ச்சிதான். அவர் நடத்தினது மக்கள் ஏன் ஓடமாட்டேங்கறாங்கங்கற ஆராய்ச்சி. சுவரையும் முழுசா தள்ளிட முடியாது, அலை உயரத்தைக் குறைச்சு உள்ள வர்றதை ஆறு நிமிஷம் தாமதப்படுத்துச்சுன்னு துறைமுக ஆய்வு நிறுவனம் கணக்கு சொல்லுது, ஆறு நிமிஷம்னா ஒரு குழந்தை மேடேற போதும்.

செங்கல்:
அதே சுனாமில ஃபுடாய் கிராமம் பத்தியும் ஒரு வரி. 15.5 மீட்டர் உயரத்துக்கு மதகு வேணும்னு ஊர்த்தலைவர் கோதோகு வமுரா விடாப்பிடியா நின்னு 1984ல கட்டி முடிச்சாரு, இவ்வளவு உயரம் எதுக்கு, வீண்செலவுன்னு அப்ப எல்லாரும் சொன்னாங்க. 2011ல அலை அதைத் தாண்டியும் வந்துது, ஆனா கொஞ்சம்தான், பின்னாடி இருந்த ஊர் நின்னுது. கமாய்ஷி சுவர் விழுந்துது, ஃபுடாய் மதகு நின்னுது. பழைய அலைகள் எவ்வளவு உயரம் வந்துதுன்னு தெரிஞ்சவர் அவர். 1896லயும் 1933லயும் அந்தக் கிராமத்துல சுனாமி ஆளைக் கொன்னிருக்கு, அதை வச்சு உயரத்தை முடிவு பண்ணினாரு.

தனிவழி:
அப்ப எது விழும் எது நிக்கும்னு கட்டறதுக்கு முன்னாடி யாருக்குத் தெரியும்? பின்னாடி பாத்து சொல்றது சுலபம்.

கரையோரம்:
தெரியறதுக்குத்தான் ஆராய்ச்சின்னு கேக்கறோம். கடலோர மண்ணைத் தோண்டி பழைய சுனாமி கொண்டுவந்த மணல் படிவு எவ்வளவு உள்ள வரைக்கும் இருக்குன்னு பாக்கற வேலை ஒண்ணு இருக்கு. 869ல ஜப்பானோட செண்டாய் சமவெளில பல கிலோமீட்டர் உள்ள வந்த சுனாமியோட மணலை 2011க்கு முன்னாடியே கண்டுபிடிச்சு எழுதியிருந்தாங்க. சுவருக்குப் போன காசோட ஒப்பிட்டா அந்தத் தோண்டற வேலைக்கு ஆனது ரொம்பக் குறைச்சல். யாரும் காது குடுத்துக் கேக்கல.

லிபியாவுல டெர்னா அணைகள் அதே மாதிரி. பராமரிக்கலன்னா பெரிய வெள்ளத்துல உடைஞ்சு ஊரை அழிக்கும்னு 2022ல ஒரு ஆய்வாளர் கட்டுரையே எழுதினாரு. 2023 செப்டம்பர்ல உடைஞ்சுது, ஆயிரக்கணக்குல ஜனம் ராத்திரியோட ராத்திரியா கடலுக்குள்ள போச்சு. ஆராய்ச்சி அங்க பயனில்லாம போகல, அதை மேஜைல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தவங்கதான் பயனில்லாம போனாங்க.

வரிக்கணக்கு:
நீங்க எல்லாரும் சொல்றதைப் படிக்கப் படிக்க எனக்கு வேற ஒரு கேள்விதான் வலுக்குது. இந்தோனேசியாவுல 2004க்கு அப்புறம் வெளிநாட்டுப் பணத்துல கடல்ல 22 மிதவை போட்டாங்க. 2018ல பாலு நகரத்துல சுனாமி வந்து 4,000 பேருக்கு மேல சாகும்போது அதுல ஒண்ணுகூட வேலை செய்யல, 2012ல இருந்தே பராமரிக்க காசு இல்லாம செத்துக்கிடந்துது. வாங்கும்போது விழா. ஆறாவது வருஷம் பேட்டரி மாத்த ஆள் இல்ல. இந்த நிலைமைல எதை நம்பி புதுசா ஒதுக்கச் சொல்றீங்க?

மழைமானி:
பாலுவுல மிதவை வேலை செஞ்சிருந்தாலும் பெருசா பலன் இருந்திருக்காது சார், அலை சில நிமிஷத்துல வந்துடுச்சு, அங்க தேவைப்பட்டது கமாய்ஷி பசங்களுக்கு இருந்த பழக்கம். ஆனா நீங்க சொல்ற பராமரிப்பு விஷயத்துல உங்களோட நானும் நிக்கறேன். திட்டச் செலவுன்னு ஒரு தலைப்பு, அது மூணு வருஷத்துல முடிஞ்சுடும், அப்புறம் நடப்புச் செலவுல அதுக்கு இடமே இருக்காது, கருவி துருப்பிடிக்கும். எந்தக் கருவி வாங்கினாலும் இருபது வருஷப் பராமரிப்புச் செலவையும் ஆள் சம்பளத்தையும் முதல் நாளே சட்டமா எழுதணும்னு கேளுங்க, நானும் கையெழுத்து போடறேன்.

ஆனா அதை ஆராய்ச்சியை வெட்டறதுக்கு காரணமா வைக்காதீங்க. 2009 பிப்ரவரில லூசியானா ஆளுநர் பாபி ஜிண்டால், அரசு வீண்செலவு பண்ணுதுன்னு டிவில பேசினப்போ எடுத்த உதாரணம் எரிமலைக் கண்காணிப்பு. நாலு வாரம் முடியறதுக்குள்ள, மார்ச் 22, அலாஸ்காவுல ரிடவுட் எரிமலை வெடிக்க ஆரம்பிச்சுது. கண்காணிப்பு நிலையம் ஜனவரிலயே எச்சரிக்கையை உயர்த்தி வச்சிருந்துது. அதே ரிடவுட் 1989 டிசம்பர்ல வெடிச்சப்போ சாம்பலுக்குள்ள போன ஒரு கேஎல்எம் விமானத்தோட நாலு எஞ்சினும் நின்னுபோச்சு, 240 பேருக்கு மேல உள்ள, விமானிங்க எப்படியோ எஞ்சினை மறுபடி ஓடவச்சு ஆங்கரேஜ்ல எறக்கினாங்க. இப்ப விமானங்கள் எரிமலைச் சாம்பல் எச்சரிக்கை பாத்து வழி மாத்திக்குது. அதை எந்த ஏர்லைன்ஸ் தனியா செய்யும்?

தனிவழி:
ஏர்லைன்ஸ் எல்லாம் சேந்து செய்யலாம். பலன் அடையறவங்க காசு குடுக்கட்டும். நெதர்லாந்துல தண்ணி வாரியங்கள் பதிமூணாம் நூற்றாண்டுல இருந்தே அப்படித்தான், அந்தந்த வட்டாரத்து ஜனங்க தனித் தேர்தல்ல ஆள் தேர்ந்தெடுக்கறாங்க, அவங்களே வரி வசூலிச்சு கரையைப் பாத்துக்கறாங்க. பொது கஜானாவுல கை வைக்காம நடக்கற வழி இருக்குல்ல.

பழையகோப்பு:
தண்ணி வாரியம் வாங்கறதும் வரிதான் ப்ரோ, அதுவும் பொதுப்பணம்தான். யார் வசூலிக்கறாங்கங்கறதுதான் வித்தியாசம். 1953ல வடகடல் வெள்ளத்துல 1,836 பேர் செத்தப்புறம் அந்த வாரியங்களால மட்டும் முடியாதுன்னுதான் தேசிய அரசு டெல்டா திட்டத்தை எடுத்துச்சு. வட்டாரக் கரைக்கு வட்டார வரி, கடலைத் தடுக்க நாட்டோட வரி, ரெண்டும் சேந்துதான் அங்க ஓடுது.

வரிக்கணக்கு:
சரி, நான் எங்க நிக்கறேன்னு தெளிவா சொல்லிடறேன். எச்சரிக்கை, வரைபடம், பள்ளிப் பயிற்சி, கட்டட விதியை அமல்படுத்த ஆள், இதுக்கு பணம் குடுங்க, பராமரிப்போட சேத்து, வருஷா வருஷம் கணக்கை வெளியிடணும்ங்கற நிபந்தனையோட. நாள் குறிக்கற நிலநடுக்க ஆராய்ச்சிக்கும், நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வராத பெரிய சுவர்களுக்கும் என் வரிப்பணம் வேண்டாம். பார்க்ஃபீல்டுல ஒரு கருவிகூட எதையும் முன்னாடி சொல்லல.

மழைமானி:
பார்க்ஃபீல்டு விஷயத்துல மட்டும் விடமாட்டேன். 2004ல அது வந்தப்போ கருவிகள் அங்கயே இருந்ததால, பிளவுக்கு அவ்வளவு பக்கத்துல அத்தனை துல்லியமா பதிவான நிலநடுக்கங்கள் உலகத்துலயே ரொம்பக் குறைவு. வர்றதுக்கு முன்னாடி நிலம் எந்த சைகையும் காட்டலங்கறதை நாம உறுதியா தெரிஞ்சுக்கிட்டதே அந்தப் பதிவுல இருந்துதான். நீங்க முதல் பதிவுல முன்கணிப்பு முடியாதுன்னு எழுதினீங்களே, அதுக்கு ஆதாரம் அந்தக் கருவிகள்தான் சார். இப்ப முன்கணிப்பை விட்டுட்டு, வந்த சில நொடிக்குள்ள ரயிலை நிறுத்தற பக்கம் போறாங்கன்னா இந்த அனுபவமும் அதுக்கு ஒரு காரணம், 2011ல ஜப்பான்ல பயணிகளோட ஓடிட்டிருந்த ஒரு புல்லட் ரயில்கூட தடம் புரளல. இது முடியாதுன்னு தெரிஞ்சுக்க செலவான பணத்தை நீங்க நஷ்டத்துல எழுதறீங்க, நான் அப்படி எழுதமாட்டேன். பெரிய சுவர் பத்தி நாளைக்கு செங்கல் அண்ணே எழுதட்டும், அவர்தான் சரியான ஆள்.

செங்கல்:
எழுதறேன். வரிக்கணக்கு சார், அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க, அமல்படுத்த ஆள்னு சொன்னீங்களே, நூறு கட்டடத்துக்கு எத்தனை இன்ஸ்பெக்டர் வேணும்னு நினைக்கறீங்க, அவங்க சம்பளம் கட்டட அனுமதிக் கட்டணத்துல இருந்து வரணுமா, இல்ல பொது பட்ஜெட்ல இருந்தா? கட்டணத்துல இருந்துன்னா பில்டர் குடுக்கற காசுலதான் அவர் சம்பளம் வரும், அதை யோசிச்சு சொல்லுங்க.